சுவிட்சைத் தொடும் முன்: தச்சுப் பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கல் அறுக்கும் மார்பிள் கட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு பிளைவுட் துண்டின் அடியில் ஸ்குரூ போட்டு இறுக்கி, பிளேடு மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி நீளத் துளை போட்டால், அதுதான் நம் ஊர்க் கட்டட வேலைகளில் டேபிள் சா, அதாவது மேஜை ரம்பம். சுவிட்ச் விடுபடாமல் இருக்க இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். நிறுத்த வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிளக் பெரும்பாலும் அடுத்த அறையில் இருக்கும். எனக்குத் தெரிந்து விரலை இழந்த ஆசாரிகள் மூன்று பேர். அதில் இருவர் இந்த ஏற்பாட்டில்தான் இழந்தார்கள். மூவருமே இருபது வருடத்துக்கு மேல் தொழில் பார்த்தவர்கள், கத்துக்குட்டிகள் அல்லர்.

அதனால் "கவனமாக இருங்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. அவர்களும் கவனமாகத்தான் இருந்தார்கள். கணக்கைப் பாருங்கள். 4 அங்குலக் கட்டர் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும், விநாடிக்கு 200. அதில் 40 பல் உள்ள மர பிளேடைப் பூட்டினால் ஒரு விநாடியில் 8,000 பற்கள் ஒரே இடத்தைக் கடந்து போகும். ஏதோ தவறு என்று உணர்ந்து கையை இழுக்க நமக்குக் கால் விநாடியாவது வேண்டும். அதற்குள் 2,000 பற்கள் போய்விட்டிருக்கும். உளி வழுக்கினால் தோல் கிழியும், கை தானாகப் பின்வாங்கும். மெஷினில் அந்த அவகாசம் கிடையாது. ஆகவே கை எங்கே இருக்கும், மரம் எங்கே போகும், பிளேடு எங்கே வெளிவரும் என்ற மூன்றையும் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் கரண்ட்

பட்டறைக்கு மெஷின் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். லோடு கூடினால் விழும் எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. மனிதரைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய அலங்காரம்தான்.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பாயிண்டில் சொருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். சில கை மெஷின்கள் இரண்டு பின்னோடுதான் வரும். அவற்றின் பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று பொருள், அவற்றுக்கு எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத மெஷின் எல்லாவற்றுக்கும் எர்த் வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருளாக இருந்தால் முழுவதும் பிரித்துப் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள். சுருட்டியபடியே பெரிய மெஷினை ஓட்டினால் நடுச் சுருள் சூடேறி உருகும்.

மின்வெட்டு தனிக் கதை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. "சரி, டீ குடித்துவிட்டு வருவோம்" என்று அப்படியே வைத்துவிட்டுப் போகிறோம். திரும்பி வந்து பிளேடில் சிக்கிய சிராயை விரலால் எடுக்கும் நேரத்தில் கரண்ட் வருகிறது. சுவிட்சை ஆனிலேயே பிடித்துவைக்கும் லாக் பொத்தான் அழுத்தியபடியே இருந்தால் மெஷின் தானாகவே ஓடத் தொடங்கும். எனவே கரண்ட் போனவுடன் முதல் வேலை சுவிட்சை அணைப்பது, அடுத்தது பிளக்கைப் பிடுங்குவது. நிலையாக நிற்கும் பெரிய மெஷின்களுக்குப் பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் அது தானாக விடுபடும். மறுபடி பச்சையை அழுத்தினால்தான் மெஷின் ஓடும். ஒரு பிளேடின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை.

உடம்பில் என்ன இருக்க வேண்டும், எது கூடாது

தோளில் துண்டு, மடித்துக் கட்டிய கைலி, காலில் ரப்பர் செருப்பு. பட்டறையின் சீருடை இதுதான். மூன்றுமே ஆகாது. துண்டின் நுனி டிரில்லில் சுற்றிக்கொண்டால் கழுத்தோடு இழுக்கும். கால்சட்டை, முழங்கைக்கு மேல் நிற்கும் அரைக்கைச் சட்டை, விரல் மூடிய காலணி என்று வாருங்கள். மோதிரம், வாட்ச், காப்பு, கோவிலில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள், அது சுழலும் மெஷினுக்கு அருகில் வராதபடி வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் நல்லதென்று நினைத்துச் செய்யும் தவறு ஒன்று உண்டு: கையுறை. மரம் சுமக்கும்போது போடுங்கள், பிளேடு மாற்றும்போது போடுங்கள். சுழலும் பிளேடுக்கும் டிரில் பிட்டுக்கும் அருகில் போடாதீர்கள். வெறும் விரல் உரசினால் காயத்தோடு போகலாம். நூல் கையுறையின் ஒரு இழை மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும்.

கண்ணாடி, காது, மூக்கு. பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி சில நூறு ரூபாய்தான். பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது. காதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் கேட்கும் திறன் போவது வலிக்காது. அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நயோஷ் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். வட்ட ரம்பம் சர்வசாதாரணமாக அந்த அளவைத் தொடும். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் போதும்.

மரத்தூளை உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. முக்கியமாக மூக்குப் பகுதியில். தேக்கு, ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை அறுத்தால் மாவு போல நுண்தூள் எழும்; அதில் பசையும் சேர்ந்திருக்கும். கைக்குட்டை கட்டுவது மனத்திருப்திக்குத்தான். என்95 முகக்கவசம் போடுங்கள், தூசியை வாசலில் நின்று உதறுங்கள், வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். உப்புத்தாள் தேய்க்கும் மெஷினான சாண்டர் போட்டபின் தரையைக் கூட்டும்போதுதான் தூசி அதிகம் பறக்கும். கவசத்தை அதற்கு முன் கழற்றிவிடுகிறோம்!

மரத்தைப் பாருங்கள்

இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய மரத்தில் வேலை செய்வது தனிச் சுகம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வரும் பர்மா தேக்கு நிலைச்சட்டத்தை ஒருமுறை இழைத்தவர்களுக்குப் புது மரத்தின்மேல் பிடிப்பு வராது. ஆனால் அதற்குள் ஆணி இருக்கும். தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. பிளேடின் கார்பைட் பல் அதில் மோதினால் பல் உடைந்து தோட்டா போலப் பறக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் திரும்பும். கருநீலக் கறை படிந்த புள்ளி தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது, அல்லது இருந்தது.

முறுக்கிய பலகை, மேஜையில் வைத்தால் ஆடும் பலகை, கணு விழுந்து ஓட்டையான பலகை ஆகியவை வட்ட ரம்பத்துக்கு ஏற்றவை அல்ல. முதலில் இழைத்து ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் நேராக்குங்கள். சரியாகக் காயாத மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது உள்ளே அடங்கியிருக்கும் இழுவிசை விடுபட்டு, அறுத்த வாய் மூடிக்கொள்ளும். அதன் விளைவு என்ன என்பதை எனக்கு ஒரு வேப்பஞ்சட்டம் கற்றுக்கொடுத்தது. அதைச் சொல்கிறேன்.

ரம்பமும் அதன் உதையும்

டேபிள் சாவில் நமக்கு எதிரே உள்ள பற்கள் கீழே இறங்குகின்றன. அவை மரத்தை மேஜையோடு அழுத்தும், தொல்லையில்லை. பின்பக்கப் பற்கள் மேலே ஏறுகின்றன. மரம் கொஞ்சம் திரும்பியோ வாய் மூடியோ அந்தப் பின்பற்களில் பட்டால், பிளேடு அதைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மரம் ஏறக்குறைய அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு வரும்.

நான் அறுத்துக்கொண்டிருந்தது மூன்றடி நீள வேப்பஞ்சட்டம். பாதி தாண்டியதும் மோட்டாரின் குரல் கனத்தது. அந்தக் குரல் மாற்றம்தான் எச்சரிக்கை என்று அன்று தெரியாது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். அடுத்த கணம் சட்டம் கையில் இல்லை. இடுப்பெலும்புக்குக் கீழே கடப்பாரையால் குத்தியதுபோல இருந்தது. மூச்சு திரும்பிய பிறகு பார்த்தால் சட்டத்தின் அடிமுகத்தில் பிளேடு அரை வட்டமாகக் கடித்த தழும்பு. என் உடம்பில் நீலம் மறைய மூன்று வாரம் ஆயிற்று. நான் யோசித்தது அடியைப் பற்றி அல்ல. மரம் பறந்தபோது அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்த என் இடது கை, ஆதாரம் போனதும், பிளேடை நோக்கி ஒரு சாண் நகர்ந்திருந்தது. அதுதான் உதையின் உண்மையான ஆபத்து; மரம் முன்னால் வரும், கை பின்னால் போகும்.

இதைத் தடுப்பது பிளேடின் முதுகை ஒட்டி நிற்கும் பிளவுத்தகடு. அறுத்த வாய் மூடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. வாங்கிய மெஷினில் அது இருந்தால், இடைஞ்சல் என்று கழற்றிப் பரணில் போடாதீர்கள். என் பட்டறையிலும் அது இரண்டு வருடம் பரணில்தான் இருந்தது. மோட்டார் குரல் கனத்தால் தள்ளுவதை நிறுத்தி, மரத்தை அசைக்காமல் பிடித்தபடி சுவிட்சை அணையுங்கள். கையால் எட்டாத இடத்தில் சுவிட்ச் இருந்தால் முழங்காலால் தட்டி அணைக்கும் பலகை ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

அறுக்கும் முறை இது. பிளேடின் உயரம் பலகைக்கு மேல் 2 நூல் தெரிந்தால் போதும். மரம் சார்ந்து ஓடும் கைடு பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து பாருங்கள். பின்பக்கம் நெருங்கியிருந்தால் அது மரத்தைப் பிளேடுக்குள் நெருக்கும். பிளேடின் நேர்கோட்டில் நிற்காதீர்கள், இடப்பக்கம் ஓரடி தள்ளி நில்லுங்கள். கைடு இல்லாமல் வெறுங்கையால் ஒருபோதும் அறுக்காதீர்கள். பிளேடைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குச் சிவப்பு பெயிண்டால் மேஜையில் கோடு போட்டுவிடுங்கள். மெஷின் ஓடும்போது விரல் அந்தக் கோட்டுக்குள் போவதில்லை. உள்ளே போக வேண்டிய வேலை தள்ளு கட்டையுடையது. நான் பயன்படுத்துவது முனையில் பறவையின் அலகுபோல வெட்டிய பிளைவுட் துண்டு. அதன் வாயைப் பிளேடு தின்றுகொண்டே இருக்கும், தின்னட்டும். மாதம் ஒன்று புதிதாக வெட்டிக்கொள்ளலாம்.

குறுக்கே அறுக்கும்போது மரத்தின் நுனியைக் கைடில் முட்டவைத்து அறுப்பார்கள், அளவு சரியாக வரும் என்று. அறுபட்ட துண்டு கைடுக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பறக்கும். அளவு வேண்டுமானால் பிளேடுக்கு முன்பே முடிந்துவிடும் ஒரு கட்டையைக் கைடில் கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய பட்டிகள் வேண்டுமானால், பட்டி கைடு பக்கம் அல்ல, வெளிப்பக்கம் விழும்படி அறுங்கள்.

அமெரிக்காவில் சாஸ்டாப் என்றொரு டேபிள் சா இருக்கிறது. தோல் பட்டவுடன் மின் சமிக்ஞை மாறுவதை உணர்ந்து, அலுமினியக் கட்டை ஒன்றைப் பிளேடுக்குள் பாய்ச்சி, சுமார் 5 மில்லி விநாடியில் நிறுத்திவிடும். அற்புதமான கருவி. ஆனால் அதுவும் மரத்தின் உதையைத் தடுக்காது.

கட்டருக்குத் திரும்பி வருகிறேன். மார்பிள் கட்டர் கல்லை அறுக்கச் செய்தது. பிளேடுக்குக் கீழே ஸ்பிரிங் மூடி கிடையாது, பிளவுத்தகடு கிடையாது. இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடைப் பூட்டுவது அதைவிட மோசம். அது உதைத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை: கிரைண்டரில் மர பிளேடு போட்டிருப்பவர் பக்கத்தில் நிற்கக்கூட மாட்டேன். முதல் மெஷின் வாங்கக் காசு சேர்க்கிறீர்கள் என்றால் கீழ் மூடி உள்ள 7 அங்குலக் கை வட்ட ரம்பத்துக்குச் சேருங்கள். அந்த மூடியைக் கம்பியால் கட்டித் திறந்து வைக்காதீர்கள். பலகையின் இரு முனையும் ஸ்டூலில் தாங்க நடுவில் அறுத்தால் பலகை தொய்ந்து பிளேடைக் கவ்வும். அறுபடும் பக்கம் தானாகக் கீழே விழும்படி வையுங்கள்.

மற்ற மெஷின்கள்

எதில் தொடங்குவது என்று கேட்டால், டிரில்லும், மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் ஜிக் சாவும். டிரில்லில் சிறு துண்டைக் கையால் பிடிக்காதீர்கள். பிட் மறுபக்கம் வெளிவரும் கணத்தில் மரத்தைக் கவ்விச் சுழற்றும். கிளாம்ப் போடுங்கள். பிட்டை இறுக்கும் சக் சாவியை எடுத்துவிட்டுத்தான் சுவிட்ச். ஜிக் சாவில் பலகையின் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் நம் தொடையும் ஸ்டூலின் காலும்தான் இருக்கும்.

கை பிளேனரை அணைத்த பிறகும் உருளை பல விநாடி ஓடும். உடனே மேஜையில் வைத்தால் தானாக ஊர்ந்து போகும். ஓட்டம் அடங்கும்வரை கையிலேயே பிடித்திருங்கள். நிலையான ரந்தா மெஷினில் ஓரடிக்குக் குறைந்த மரத்தை இழைக்க வேண்டாம். அதற்குக் கை இழைப்புளி இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. கத்தி உருளைக்கு நேர் மேலே கையை அழுத்தாதீர்கள், அடியில் ரப்பர் ஒட்டிய கட்டையால் தள்ளுங்கள்.

விளிம்புக்கு வடிவம் கொடுக்கும் மெஷினான ரவுட்டரில் திசைதான் எல்லாம். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றாகச் சுற்றுகிறது. ஆகவே பலகையின் வெளி விளிம்பைச் சுற்றிக் கடிகாரத்துக்கு எதிராக நகர்த்த வேண்டும். நமக்கு அருகில் உள்ள விளிம்பில் இடமிருந்து வலம். மாற்றி ஓட்டினால் மெஷின் கையைவிட்டு முன்னே ஓடும். பிட்டை முழுவதும் உள்ளே முட்டவைத்துவிட்டு 2, 3 மி.மீ. வெளியே இழுத்துப் பிறகு இறுக்குங்கள். அடியில் முட்டியபடி இறுக்கினால் ஓடும்போது தளரும். அகலமான பிட்டுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பிளேடோ பிட்டோ மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி, அந்தப் பிளக்கைக் கண்ணில் படும்படி மேஜைமேல் வையுங்கள். "பிடுங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்" என்பது செல்லாது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மெஷின்களைக் கழற்றித் துடைத்துச் சந்தனம் வைக்கிறோம் அல்லவா, அந்த அக்கறையை மாதம் ஒருமுறை காட்டினால் பாதித் தேய்மானம் முன்பே தெரிந்துவிடும்.

வெட்டுப்பட்டால்

இதைப் படித்துவிட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. முதலில் மெயினை அணைப்பவர் ஒருவர், காயத்தைப் பிடிப்பவர் ஒருவர். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், பெயிண்டருடைய தின்னர் எதுவும் வேண்டாம். மருத்துவர் அதைச் சுரண்டி எடுப்பதிலேயே நேரம் போகும். 108-ஐ அழையுங்கள்.

விரல் துண்டானால், அதைத் தேடி எடுப்பது மூன்றாமவர் வேலை. தூளுக்குள் கிடக்கும், பதறாமல் தேடுங்கள். சுத்தமான நீரில் மெதுவாக அலசி, ஈரமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ்கட்டியும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெட்டுவிடும், பிறகு ஒட்டவைக்க முடியாது. அறுந்த விரலை ஒட்டவைக்க எல்லா மருத்துவமனையாலும் இயலாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, கோவை கங்கா மருத்துவமனை போல கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உள்ள இடம் உங்களுக்கு எது அருகில் என்று இன்றைக்கே விசாரித்து, அந்தத் தொலைபேசி எண்ணையும் அதே தாளில் எழுதிவையுங்கள். பையின்மேல் அடிபட்ட நேரத்தை மார்க்கரால் எழுதுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அடிபட்டவருக்கு வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். டீக்கடையிலிருந்து யாராவது சோடாவோடு ஓடி வருவார்கள்; அவரையும் தடுத்து நிறுத்த ஆள் வேண்டும்.